ஒரு பல் குறைச்சா என்ன ஆகும்?

பைக் வச்சிருக்கிற நாலு பேர் டீக்கடையில ஒண்ணா நின்னா, அதுல ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான்: "முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லைக் குறைச்சுப் பாரு மச்சான், பிக்கப் பிச்சுக்கும்." உடனே இன்னொருத்தன், "எதுக்கு? பின்னாடி மூணு பல்லை ஏத்து, ரெண்டும் ஒண்ணுதான்" என்பான். கணக்குப்படி ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது. ட்ராக்குல ஓட்டுறவங்களுக்கு அந்த வித்தியாசம் கையில தெரியும். அது ஏன்னு தோண்டப் போய் 1907ஆம் வருஷத்துல போய் விழுந்துட்டேன். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

முதல்ல கணக்கை முடிச்சுடுவோம். (படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு பொட்டி தட்டுறது. படிச்ச படிப்புக்கு இந்த மாதிரி இடத்துலதான் கொஞ்சம் மரியாதை கிடைக்குது.) முன்னாடி 15 பல், பின்னாடி 45 பல்னு வச்சுக்கங்க. விகிதம் 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூணு சுத்து சுத்தினா பின் சக்கரம் ஒரு சுத்து. இதையே 14/45 ஆக்கினா 3.21. 15/48 ஆக்கினா 3.2. ரெண்டும் கிட்டத்தட்ட சமம். 10,000 ஆர்பிஎம்ல, டாப் கியர்ல 130 கி.மீ. வேகத்துல போற வண்டி இப்ப அதே ஆர்பிஎம்ல 121 தான் போகும். பதிலுக்கு சக்கரத்துல இழுவை 7 சதவீதம் கூடும். இங்க பிடுங்கி அங்க நடறதுதான். சும்மா வர்றது எதுவும் இல்ல.

டீக்கடை விவாதம் இதோட முடிஞ்சிடும். ஆனா இதுல ஒருத்தரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பல்லை மாத்தினா, செயின் நீளத்துக்கு என்ன ஆகும்?

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்ல செயினே பெரும்பாலும் கிடையாது. தோல்லயோ ரப்பர்-கேன்வாஸ்லயோ செஞ்ச வி வடிவ பெல்ட்தான். இஞ்சின்ல ஒரு சின்ன கப்பி, பின் சக்கரத்துல ஒரு பெரிய கப்பி, நடுவுல பெல்ட். கியர் பாக்ஸ் இல்ல, நிறைய வண்டிகள்ல கிளட்சும் இல்ல. 1907ல ஐல் ஆஃப் மேன் தீவுல முதல் டிடி பந்தயம் நடந்தப்ப ஜெயிச்ச ரெண்டு வண்டியுமே பெல்ட் வண்டிதான். ஒற்றை சிலிண்டர் பிரிவுல சார்லி காலியர், மேட்ச்லெஸ்ல. இரட்டை சிலிண்டர் பிரிவுல ரெம் ஃபௌலர், பெஜோ இஞ்சின் வச்ச நார்ட்டன்ல. ஃபௌலர் வழியில ஸ்பார்க் பிளக் மாத்த, பெல்ட்டைச் சரி பண்ணன்னு நின்னு நின்னு போய், நடுவுல டயர் வெடிச்சுக் கீழே விழுந்து, அப்புறமும் ஜெயிச்சார். அப்ப சில வண்டிகள்ல பெடல் இருந்தது. மேடு வந்தா மிதிக்க வேண்டியதுதான். அடுத்த வருஷமே பெடலைத் தடை பண்ணிட்டாங்க.

ஏன் அந்தத் தீவு? பிரிட்டன்ல அப்ப 20 மைல்தான் வேக வரம்பு, பொதுச் சாலையில பந்தயம் நடத்தவும் முடியாது. மேன் தீவுக்குத் தனி நாடாளுமன்றம், தனிச் சட்டம். கொண்டுபோய் அங்க நடத்தினாங்க.

பெல்ட்டுல மேடு ஏற ஒரு வழி இருந்தது. இஞ்சின் கப்பியோட ரெண்டு பக்கத் தட்டையும் கொஞ்சம் விலக்கி வச்சா, பெல்ட் உள்ள இறங்கிச் சின்ன வட்டத்துல சுத்தும். முன் ஸ்ப்ராக்கெட்ல பல் குறைக்கிற அதே வேலை. ஆனா வட்டம் சின்னதானதும் பெல்ட் தொளதொளன்னு ஆயிடும். அதனால மேட்டுக்கு அடியில வண்டியை நிறுத்தி, கப்பியை மாத்தி, பெல்ட்டையும் வெட்டி ஒட்டிச் சுருக்கி ஏறணும். உச்சிக்குப் போனதும் மறுபடி நிறுத்தி, பழையபடி நீளமாக்கி இறங்கணும். விகிதமும் நீளமும் ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு அழும்.

அடுத்த பத்து வருஷக் கதை, இந்த ரெட்டையரைப் பிரிக்க ஆளாளுக்கு என்ன பண்ணாங்கங்கிறதுதான்.

ஜெனித் கம்பெனியில ஃபிரெட் பார்ன்ஸ் ஒரு காரியம் செஞ்சார். டேங்க் மேல காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் கைப்பிடி மாதிரி ஒண்ணு. ஓட்டிக்கிட்டே அதைச் சுத்தினா இஞ்சின் கப்பி சுருங்கும் அல்லது விரியும். கூடவே, பின் சக்கரமே அதோட காடியில முன்னும் பின்னும் நகர்ந்து பெல்ட்டை இறுக்கிக்கும்! பேரு ஜெனித் கிராடுவா. ஓடுற வண்டியில வீல்பேஸ் மாறிக்கிட்டே இருக்குன்னா யோசிச்சுப் பாருங்க. மலையேற்றப் போட்டிகள்ல இது மத்த வண்டிகளை ஓட ஓட விரட்டியதுல, பல இடங்கள்ல இதை ஒற்றைக் கியர் வண்டிகளோட சேர்க்க மாட்டோம்னு தடை போட்டாங்க. ஜெனித்காரங்க அசரல. 'தடை செய்யப்பட்டது'ங்கிற வார்த்தையையே தங்களோட முத்திரையில போட்டு விளம்பரம் பண்ணாங்க. மார்க்கெட்டிங் மூளை அப்பவே இருந்திருக்கு.

1911ல டிடி நடத்துறவங்க பாதையையே மாத்தினாங்க. அதுவரைக்கும் ஓடின சின்னப் பாதையை விட்டுட்டு, ஸ்னேஃபெல் மலை மேல ஏறி இறங்கற ஏறக்குறைய 60 கி.மீ. சுற்றுக்குக் கொண்டுபோனாங்க. நோக்கம் வெளிப்படை: மலையைக் காட்டினாத்தான் கம்பெனிக்காரங்க உருப்படியா கியர் செய்வாங்க. அதுக்கு விலையும் இருந்தது. அந்த வருஷப் பயிற்சி ஓட்டத்துல ரட்ஜ் ஓட்டின விக்டர் சரிட்ஜ், கிளென் ஹெலன் பக்கத்துல விழுந்து இறந்தார். டிடி வரலாற்றுல முதல் சாவு.

அந்தப் பந்தயத்துக்கு அமெரிக்காவில இருந்து ஒரு வண்டி வந்தது. பேரு 'இந்தியன்'. நமக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்ல, அது மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல செஞ்ச வண்டி :-) அதுல ரெண்டு வேக கியர் பாக்ஸ், கிளட்ச், இஞ்சின்ல இருந்து பின் சக்கரம் வரைக்கும் முழுக்கச் செயின். 1911 ஜூலை 3, சீனியர் பந்தயம், அஞ்சு சுற்று. முதலிடம் ஆலிவர் காட்ஃப்ரி, ரெண்டாவது சார்லஸ் ஃபிராங்க்ளின், மூணாவது ஆர்தர் மூர்ஹவுஸ். மூணுமே இந்தியன். உள்ளூர் நாயகன் காலியர் ரெண்டாவதா வந்தும், அனுமதி இல்லாத இடத்துல பெட்ரோல் போட்டதுக்காகப் பட்டியல்ல இருந்து தூக்கிட்டாங்க. காட்ஃப்ரியோட சராசரி வேகம் மணிக்கு சுமார் 76 கி.மீ. மலைப்பாதையில, மண் ரோட்டுல, பேருக்கு ஒரு பிரேக்கை வச்சுக்கிட்டு.

செயின் ஏன் ஜெயிச்சதுன்னு கேட்டா, "பெல்ட் வழுக்கும், செயின் வழுக்காது"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. மழையில பெல்ட் வழுக்கும், உண்மைதான். ஆனா என் பார்வையில முக்கியக் காரணம் வேற. கியர் பாக்ஸ் வந்ததும் விகிதம் மாறுற இடம் இஞ்சின் பக்கத்துக்குப் போயிடுச்சு. பின் சக்கரத்துக்குப் போற செயினோட நீளம் மாற வேண்டிய அவசியமே இல்ல. ரெட்டையர் பிரிஞ்சாச்சு. சக்கரம் ஒரே இடத்துல நிக்கலாம், ஓட்டுறவன் கியரை மட்டும் கவனிக்கலாம். அப்படி ஒரே நீளத்துல நாள் முழுக்க இழுவை தாங்கறதுக்கு பெல்ட்டை விடச் செயின் தோது.

அப்படித் தாங்கற செயின் எங்கிருந்து வந்ததுங்கிறது தனிக் கதை. சுவிட்சர்லாந்துல பிறந்த ஹான்ஸ் ரெனால்டுங்கிறவர் மான்செஸ்டர் பக்கம் வந்து, நெசவு மெஷின்களுக்குச் செயின் செய்யற ஒரு சின்னப் பட்டறையை 1879ல வாங்கினார். பழைய செயின்ல ஊசி, மெல்லிய பக்கத் தகட்டோட ஓரத்துல நேரா உரசும், சீக்கிரம் தேயும். ரெனால்டு நடுவுல ஒரு குழலைச் செருகினார். உரசல் கண்ணியோட முழு அகலத்துக்கும் பரவிடுச்சு. குழலுக்கு மேல உருளை. 1880ல காப்புரிமை. உங்க வண்டியில இன்னிக்கு ஓடுறது அதே அமைப்புதான். ஓ-ரிங் மட்டும் பிற்பாடு சேர்ந்தது. நெசவுக்குப் பேர் போன மான்செஸ்டர்ல பிறந்த செயின், இங்க 'தென்னிந்திய மான்செஸ்டர்'னு பேர் வாங்கின கோயம்புத்தூர்ல ரோலான்ங்கிற பேர்ல உற்பத்தி ஆகுது. பொருத்தம் பார்த்து வச்ச மாதிரி இருக்குல்ல?

மறுபடி மேன் தீவு. 1912ல ஃபிராங்க் ஆப்பிள்பீ, ஸ்காட் வண்டியில ஜெயிச்சார். டிடியில ஜெயிச்ச முதல் டூ ஸ்ட்ரோக். ஆல்ஃபிரட் ஸ்காட்டோட ரெண்டு வேகக் கியர் ஒரு விசித்திரம். இஞ்சின்ல இருந்து ரெண்டு செயின், ரெண்டுக்கும் வேற வேற ஸ்ப்ராக்கெட் அளவு. எந்தச் செயின் இழுக்கணும்னு ஓட்டுறவர் தேர்ந்தெடுத்துக்கலாம். நீளத்தை மாத்த மாட்டேன், ரெண்டு நீளத்தையும் கூடவே தூக்கிட்டு வர்றேன்கிற பிடிவாதம்.

பெல்ட்காரங்க சும்மா விடல. ரட்ஜ் கம்பெனி 'மல்ட்டி'னு ஒண்ணு கொண்டுவந்தது. இஞ்சின் கப்பி விரிஞ்சா அதே நெம்புகோல் பின் சக்கரக் கப்பியைச் சுருக்கும்; இது சுருங்கினா அது விரியும். பெல்ட் எப்பவும் ஒரே நீளம். ஜெனித் சக்கரத்தையே நகர்த்தினதை, ரட்ஜ் சக்கரத்தைத் தொடாமலே சாதிச்சது. 1914 சீனியர் டிடியில சிரில் புல்லின் இந்த ரட்ஜ்ல ஜெயிச்சார். ரெண்டாவது இடத்துக்கு ரெண்டு பேர் சரிசமம்: சன்பீம் ஓட்டின ஹோவர்ட் டேவிஸும், இந்தியன் ஓட்டின நம்ம காட்ஃப்ரியும். அதோட போர் வந்தது. காட்ஃப்ரி விமானப்படையில சேர்ந்து 1916ல இறந்து போனார். 1920ல டிடி மறுபடி தொடங்கினப்ப ஜெயிச்ச சன்பீம், செயின் வண்டி. அதுக்கப்புறம் சீனியர்ல பெல்ட் ஜெயிக்கவே இல்ல.

ஆனா ரட்ஜ் மல்ட்டி சாகல மக்களே. வீட்டு வாசல்ல ஆக்டிவாவோ ஜூப்பிட்டரோ நின்னா அதோட இடது பக்க மூடிக்குள்ள அதே தத்துவம்தான் ஓடுது. முன் கப்பி விரியும், பின் கப்பி சுருங்கும், பெல்ட் நீளம் மாறாது. கையால தள்ளின நெம்புகோலுக்குப் பதிலா உருளைகள் தானா வேலை பாக்குது, அவ்வளவுதான்.

இதுக்கப்புறம் நாற்பது வருஷத்தைத் தாண்டிடறேன். கியர் ரெண்டு மூணாச்சு, மூணு நாலாச்சு, வேற பெரிய விசேஷம் இல்ல. கூத்து ஆரம்பிச்சது அறுபதுகள்ல.

1962ல 50 சிசி வண்டிகளுக்கு உலகச் சாம்பியன் பட்டம் வச்சாங்க. டிவிஎஸ் 50 அளவு இஞ்சின். அவ்வளவு சின்ன இஞ்சின்ல சக்தி எடுக்கணும்னா ஒரே வழி, பேய் மாதிரி சுத்த விடறது. ஹோண்டாவோட ரெண்டு சிலிண்டர் ஆர்சி116 நிமிஷத்துக்கு 21,000 சுற்றுக்கு மேல போச்சு. அதுக்கு 9 கியர். சுசூகியோட 50 சிசி டூ ஸ்ட்ரோக் 17,000க்கு மேல சுத்தும்; ஆனா சில நூறு ஆர்பிஎம் அகலத்துக்குள்ளதான் சக்தி. அதுக்குக் கீழ இறங்கினா வண்டி செத்துடும். அதனால 1967 வண்டிக்கு 14 கியர் வச்சாங்க. பதினாலு! பந்தயம் முழுக்கக் காலால டைப்ரைட்டிங் பரீட்சை எழுதின மாதிரி இருந்திருக்கும். 1966 டிடியில 50 சிசி வண்டி சராசரி 130 கி.மீ.க்கு மேல ஓடி ஜெயிச்சது. காட்ஃப்ரியோட 585 சிசி ஓடின வேகத்தை நினைச்சுப் பாருங்க. நடுவுல 55 வருஷம்.

இந்தச் செலவுப் போட்டியைப் பார்த்துட்டு, சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் கத்தி வச்சது. 1969 முதல் 50 சிசிக்கு ஒரே சிலிண்டர், ஆறு கியர். அடுத்த வருஷம் 125, 250க்கு ரெண்டு சிலிண்டர், ஆறு கியர். அதுக்கு முன்னாடியே ஜப்பான் கம்பெனிகள் ஒவ்வொண்ணா மூட்டை கட்டிட்டாங்க. பொறியியல் கொலைன்னு சிலர் திட்டுவாங்க. எனக்கு அப்படித் தோணல. 14 கியர் வண்டியை ரெண்டு கம்பெனி செய்யலாம். ஊர்ல இருக்கிற மெக்கானிக் செய்ய முடியாது. ஆறு கியர்னு வந்ததும் தனி ஆளுங்க மறுபடி பந்தயத்துக்குள்ள வர முடிஞ்சது.

ஆறு கியர் மட்டும்தான்னா, ஒவ்வொரு ட்ராக்குக்கும் வண்டியைப் பொருத்தறது எப்படி? காசுள்ள டீம்கள் கியர் பாக்ஸைப் பக்கவாட்டுல உருவி எடுத்து உள்ளே இருக்கிற பற்சக்கரங்களை மாத்தினாங்க. நமக்கெல்லாம் மிச்சம் இருக்கிறது ஸ்ப்ராக்கெட்தான். அதாவது 1911ல வாசல் வழியா வெளியே அனுப்பின ரெட்டையர், கொல்லைப்புறம் வழியா மறுபடி வீட்டுக்குள்ள.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கி.மீ. நான் அங்க ஓட்டினப்ப, என் வண்டி நேர்ப்பாதை முடியுற இடத்துலயும் ஆறாவது கியர்ல ரெட்லைன் பக்கமே போகல. ரோட்டுக்காகவும் மைலேஜுக்காகவும் வச்ச விகிதம் அது. ட்ராக்குல ஆறாவது கியர் சும்மா தொங்கற சட்டைப்பை. ட்ராக்கோட நீளமான நேர்ப்பாதை முடிவுல, கடைசி கியர்ல, இஞ்சின் உச்ச சக்தியைத் தாண்டி லேசா மூச்சு வாங்கணும். அதுதான் சரியான விகிதம்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. அப்புறம், அதிக நேரம் தின்கிற ரெண்டு வளைவுகள்ல வெளியே வர்றப்ப இஞ்சின் பவர் பேண்டுக்குள்ள இருக்கான்னு பாக்கணும். ரெண்டும் ஒத்துவரலைன்னா நேர்ப்பாதையை விட்டுக்கொடுத்துட்டு வளைவைப் பிடிச்சுக்கறது என் கட்சி. வளைவுல சம்பாதிச்ச வேகம் நேர்ப்பாதை முழுக்கக் கூட வரும்.

சரி, 14/45-ஆ, 15/48-ஆ? 520 செயினை எடுத்துக்குவோம். முதல் எண் 5ன்னா ரெண்டு ஊசிக்கு நடுவுல இடைவெளி அஞ்சு எட்டாம் பங்கு அங்குலம், 15.875 மி.மீ. (428ன்னா நாலு எட்டு, அரை அங்குலம்.) ஒரு ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் கூடினா செயின் பாதி கண்ணி நீளம் அதிகம் கேட்கும். செயின் போகவும் வரவும் ரெண்டு இழையா இருக்கறதால, சக்கரம் நகர வேண்டியது அதுல பாதி. ஆக, ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 4 மி.மீ.

14/45 போட்டா ஒரு பல் குறையுது. அதே செயினுக்குச் சக்கரம் 4 மி.மீ. பின்னாடி போகும். 15/48 போட்டா மூணு பல் கூடுது. சக்கரம் 12 மி.மீ. முன்னாடி வரும். விகிதம் ஒண்ணு, பின் சக்கரம் நிக்கிற இடத்துல 16 மி.மீ. வித்தியாசம்! முன்னாடி வந்தா வீல்பேஸ் குட்டை: வண்டி சட்டுனு திரும்பும், ஆனா முறுக்கினா முன் சக்கரம் எழும்பும், பிரேக் பிடிச்சா பின் சக்கரம் துள்ளும். பின்னாடி போனா நிதானம், வளைவுக்குள்ள தள்ள கொஞ்சம் கூடுதல் தெம்பு வேணும். செயினோட மேல் இழை ஸ்விங் ஆர்முக்கு எந்தச் சாய்வுல போகுதுங்கிறதும் மாறும். முறுக்கும்போது பின்பக்கம் எவ்வளவு அமுங்கும்ங்கிறதுக்கு அந்தச் சாய்வு ஒரு முக்கியக் காரணம். 15/48-ஐயே வச்சுக்கிட்டு ரெண்டு கண்ணி சேர்த்தா (உள் கண்ணி, வெளிக் கண்ணின்னு ஜோடியாத்தான் சேர்க்க முடியும்) சக்கரம் சரியா 16 மி.மீ. பின்னாடி போய் 14/45 நின்ன இடத்துக்கே வந்துடும். கணக்கு எவ்வளவு அழகா உக்காருது பாருங்க.

முன் ஸ்ப்ராக்கெட்டை இஷ்டத்துக்குச் சின்னதாக்கவும் முடியாது. ஸ்ப்ராக்கெட் உண்மையில வட்டம் இல்ல, பலகோணம். 15 பல்லுல ஒவ்வொரு பல்லுக்கும் செயின் வேகம் 2 சதவீதம் போல ஏறி இறங்கும், 11 பல்லுல 4 சதவீதம். உதறல், தேய்மானம், சத்தம் எல்லாம் கூடும்.

நண்பர் ஒருத்தர் பின்னாடி மூணு பல் ஏத்திட்டு, பழைய செயினையே இழுத்து மாட்டினார். ஆக்ஸில் காடியோட முன் முனையில முட்டிக்கிட்டு நின்னது, செயின் வீணைத் தந்தி மாதிரி இருந்தது. ஸ்டாண்டுல நிக்கிறப்பவே அப்படின்னா, ஆள் உக்காந்து மேடு பள்ளத்துல ஸ்விங் ஆர்ம் மேல எழும்பறப்ப இன்னும் இறுகும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வர்றப்பதான் செயின் உச்ச இறுக்கம். தொய்வை அங்க வச்சுத்தான் பார்க்கணும். ரெண்டாவது செஷன்லயே ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாடி ஆயில் சீல் கசிய ஆரம்பிச்சது, பேரிங்கும் போச்சு. சொட்டின ஆயில் அவரோட பின் டயர் மேலயே. வளைவுக்கு முன்னாடி, பின்னால வந்தவர் பார்த்துக் கையைக் காட்டினதால நிறுத்தினார். செலவு கியர் பாக்ஸோட முடிஞ்சது.

அடுத்த முறை நான் போடப் போறது 14/45. புதுச் செயின் வாங்க வேண்டாம், 4 மி.மீ. பின்னாடி போக என் வண்டி காடியில இடம் இருக்கு, எனக்கும் நிதானமான வண்டிதான் பிடிக்கும். விலையும் முன் ஸ்ப்ராக்கெட்தான் கம்மி. பழைய 15 பல்லையும் ஸ்பேனரையும் பையில போட்டுக்கிட்டுத்தான் போவேன். சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல 3.21 விகிதத்தோட வீடு திரும்பினா, பக்கத்துல போற ஸ்கூட்டர்காரர் ஹாயா போவார், நான் மட்டும் இஞ்சினை அலற விட்டுக்கிட்டு வரணும்.